சித்தி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

குடும்பத்தோடு வேன் பிடித்து மலைக்கு டூர் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒரு கேள்வி. வழியில் உங்கள் அம்மாவோ, மனைவியோ எத்தனை தடவை தண்ணீர் குடித்தார்கள்? கவனித்ததில்லையா? நானும்தான்.

2016 மே மாதம். திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் மாநாடு கூடியது. நான்கு குடும்பம். பெரிசும் சிறிசுமாகப் பதினெட்டுப் பேர். ஊட்டி என்றார் ஒருவர். 'கூட்டம் நெரியும்' என்றார் இன்னொருவர். ஏற்காடு? பார்த்தாச்சு. கடைசியில் ஜெயித்தது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு என்றதுமே பசங்கள் கை தட்டிவிட்டார்கள்.

நான் பி.காம். ஆச்சே, விடுவேனா? நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, டோல்கேட், அடுப்பு, சிலிண்டர், புளிக்காய்ச்சல், வாந்திக்கு எலுமிச்சம்பழம் உட்பட எல்லாவற்றுக்கும் கணக்கு. 'ஆடிட்டர் தோத்தாரு போ!' என்று மாமா முதுகில் தட்டினார்.

அந்த மாநாட்டில் பேசிய அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் கீழே அடுப்படியில் இருந்தார்கள். மாடிக்கு வந்தது அவர்கள் போட்ட காபி மட்டும்தான்.

விடியற்காலை நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் என்று ரூட். எங்களுக்கென்ன... ஒரு புளியமரம் போதும், திரும்பி நின்றால் வேலை முடிந்தது. நின்ற இடமெல்லாம் டீ வேறு. சித்தி மட்டும் டீ வேண்டாம் என்றார். பாட்டிலை நீட்டினால் உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"தாகமா இல்லப்பா. மேல போயி குடிச்சிக்கிறேன்."

மே மாத வெயிலில் தாகம் இல்லையாம். நானும் நம்பினேன்!

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. பசங்கள் கோரஸாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். நாற்பதைத் தாண்டியபோது சித்தி ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. மலைப்பாதைத் தலைசுற்றல்தான் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி நாங்கள் ஆகாய கங்கையில் ஆட்டம் போட்டபோது, அவர் அறப்பளீஸ்வரர் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் சித்திக்குக் குளிர் ஜுரம். சிறுநீரகம் வரை கிருமித் தொற்று. மூன்று நாள் ஆஸ்பத்திரி.

"வழியில தண்ணி குடிச்சீங்களா?" டாக்டரம்மா கேட்டது இந்த ஒரே கேள்விதான். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"குடிச்சா எங்கப்பா போறது? மாப்பிள்ளை இருக்காரு, டிரைவர் இருக்காரு... அத்தனை ஆம்பளைங்க முன்னாடி வண்டிய நிறுத்துன்னு எப்படிச் சொல்றது?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்காவும் குடிக்கவில்லை. அண்ணியும் குடிக்கவில்லை. என் மனைவி முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிட்டாளாம்! பத்து வருஷம் கூடவே இருந்தவனுக்கு இது தெரியவில்லை. எலுமிச்சம்பழத்துக்குக் கணக்கு எழுதிய நோட்டில் இதற்கு ஒரு வரி இல்லை.

தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருக வசதியாகிவிடும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதையின் நீளம் குறைவு. அதனால் தொற்றும் சுலபமாக ஏறிவிடும். 'அடக்கிக்கிட்டா என்ன?' என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அடுத்த மாநாடு. நியூசிலாந்தில் இருக்கும் சித்தியின் மகன் போன் செய்தான். "அண்ணே, எல்லாரும் வாங்க. ரெண்டு மோட்டார் ஹோம் எடுத்துக்கிட்டுத் தெற்குத் தீவு முழுக்க மலையா சுத்தலாம்." மோட்டார் ஹோம் என்றால் சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. நம் பக்கத்துக் கேரளத்தில்கூட 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வந்தது.

நான் நோட்டை எடுப்பதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டார்.

"ஏம்பா, அதுல கக்கூஸ் இருக்குதா?"

அவன் விளக்கினான். 2023-ல் அங்கே சட்டத்தையே மாற்றிவிட்டார்களாம். பொதுவாக, உள்ளாட்சி இடங்களில் வண்டியை நிறுத்தி ராத்தங்க வேண்டுமென்றால், அசையாமல் பொருத்திய கழிப்பறை வண்டிக்குள் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். படுக்கையை விரித்துப் போட்ட பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். கழிவை அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும்.

"அப்ப கொட்டுற வேலை ஆம்பளைங்களுக்கு" என்றார் சித்தி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!

டிக்கெட் விலையைக் கேட்டால் நியூசிலாந்து இப்போதைக்கு நோட்டோடு நிற்கும் போலிருக்கிறது. பரவாயில்லை. உள்ளூர் டூருக்கு அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்தே ஒரு விதி வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில், யாரும் கேட்காமலே வண்டி நிற்கும். 'கேட்காமலே' என்பதுதான் முக்கியம். கேட்கத்தானே அவர்களுக்குக் கூச்சம்? எங்கெங்கே நிறுத்துவது என்று எழுதித் தருவதும் அவர்கள்தான்.

நீங்களும் அடுத்த டூருக்கு வேன் பேசும்போது பெண்களையும் மாடிக்குக் கூப்பிடுங்கள். காபியை நாம் போட்டுக்கொள்ளலாம்.