மெத்தை வீடு

எங்கள் தெருவில் தளம் போட்ட வீடு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓலைக் கூரை, நாட்டு ஓடு. அதனால் மெத்தை வீடு என்று பெயர். என்னையும் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘மெத்தை வீட்டுப் பேரன்’ என்பார்கள். வீடு போய் இத்தனை வருஷம் கழித்து, போன தை மாதம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஒரு பெரியவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “மெத்தை வீடுதானே தம்பி நீ?” என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

தாத்தாவின் அப்பா கட்டிய தொட்டிக்கட்டு வீடு அது. பழவேற்காடு ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அதோடு கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள் என்று ஆயா சொல்லும். தேக்கு உத்திரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளுக்குக் குறுக்கே சின்னச் சின்னத் தளச்செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கோணவாக்கில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். மெட்ராஸ் தளம் என்பார்கள். சித்திரை வெயிலில் ஊரே பனைவிசிறியோடு வேப்பமரத்தடியில் கிடக்கும்போது, எங்கள் கூடத்தில் கடப்பைக்கல்லில் சட்டையில்லாமல் படுத்தால் முதுகு சில்லிட்டுப் போகும்.

திண்ணையை மட்டும் என்னால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க முடியும். ஒரு கோடியில் தலை வைப்பதற்கென்று சாய்வாக ஒரு மேடு, காரையிலேயே பூசி மெருகேற்றியது. மூன்று தலைமுறைத் தலைகள் பட்டு அதன் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கரும்பச்சையாக, கண்ணாடிபோல் இருக்கும். தாத்தா தலைக்கு அந்தப் பள்ளம் சரியாகப் பொருந்தும், என் தலை அதில் உருளும். ‘வளர்ந்தா பொருந்தும்டா’ என்பார். நான் வளர்ந்தபோது வீடு இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் அங்கே ஷிப்டு பார்த்துத்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். உருக்காலைப் பக்கத்துக் காற்று அடிக்கிற நாளில் தொட்டியில் நிற்கும் தண்ணீர்மேல் கருந்தூள் மிதக்கும். ஆயா முறத்தால் அதை ஒதுக்கிவிட்டுப் பாத்திரம் கழுவும். அந்தத் தூளால் வீடு சாகவில்லை. எங்கள் கையால்தான் செத்தது.

ஒரு மழைக்குத் தளம் ஒழுகியது. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் அதற்குள் அக்கம்பக்கத்தில் அற்றுப்போயிருந்தார்கள். வந்த கொத்தனார் சிமெண்ட்டு பூசினால் நூறு வருஷம் தாங்கும் என்றார், நம்பினோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட்டு அதன் மூக்கைப் பொத்திவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் செங்கல் மாவாக உதிர ஆரம்பித்தது. நாங்கள் பழுது பார்த்த இடமெல்லாம்தான் முதலில் விழுந்தது.

தாத்தா போனபின் ஐந்து பாகம். ‘செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா’ என்று தொடங்கும் பழைய பத்திரத்தைக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு அத்தைகளும் பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாவும் உட்கார்ந்த இரவு நினைவிருக்கிறது. வீடு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சின்ன அத்தை தூணைக் கட்டிக்கொண்டு அழுதது. ஆனால் தளத்தை மாற்றப் பணம் யாரிடமும் இல்லை. வங்கியில் கேட்டதற்குப் புது வீட்டுக்குக் கடன் உண்டு, இதற்கு மதிப்பே போட முடியாது என்றார்கள். மனைக்கு மட்டும் மாதாமாதம் விலை ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் பாசம் இல்லாதவர்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

2009இல் இடித்தார்கள். தேக்கைக் கன அடிக் கணக்கில் ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டார். ஜேசிபியின் பக்கெட் திண்ணைமேல் முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. ஓட்டுநர் பையன் இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்து, “என்னாண்ணா இது, இரும்பாட்டம் இருக்குது” என்றான். இடிபாட்டை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கிடங்கு கட்டப் பள்ளம் தூர்த்தார்கள். எந்தக் கிடங்கு என்று எனக்குத் தெரியும். பெரியபாளையம் சாலைப் பக்கம் போனால் அதைத் தாண்டாமல் சுற்றிப் போகிறேன்.

அதன் பிறகுதான் பழவேற்காட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். எங்கள் சுண்ணாம்பு வந்த ஊர் என்பதும் ஒரு காரணம். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக வைத்திருந்த ஊர். 1690இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கோட்டை இருந்த இடம் இன்று முள்ளும் புதரும். வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒழுங்காக நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, ஏரியில் படகு ஏறி, மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தெருக்களுக்குள் யாரும் நுழைவதில்லை. அங்கேதான் மரத்தூண் வைத்த தாழ்வாரமும் தொட்டியும் மெட்ராஸ் தளமுமாகப் பழைய வியாபாரிகள் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. எல்லாம் தனியார் சொத்து. ஒவ்வொரு முறை போகும்போதும் எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை குறைகிறது.

2010இல் திருத்திய தொல்சின்னச் சட்டப்படி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். சரிதான், வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்த நூறு மீட்டருக்குள் ஒழுகும் தளத்தின் கீழ் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு கை சுண்ணாம்பு கிடையாது. அதே 2010இல் சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் 467 கொண்ட பட்டியலை உயர் நீதிமன்றம் ஏற்றது. படித்தபோது நெஞ்சு நிறைந்தது, பட்டியல் சென்னையோடு நின்றதும் உறைத்தது.

தடை போடுவதோடு நிற்காமல் வீட்டுக்காரருக்குத் தோள் கொடுத்த இடங்களும் உண்டு. புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் புதுச்சேரி அரசும் சேர்ந்து, வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டால் திட்டம் ஒரு பங்கு போடும் என்ற ஏற்பாட்டில் தமிழர் வீடுகளின் முகப்பையும் தெருத் தாழ்வாரத்தையும் மீட்டார்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மும்பையில் 1995 விதிகளின்படி, பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பவர் தான் கட்டாமல் விட்ட பரப்புக்கான உரிமையை அரசு அனுமதியோடு வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்க வழி பிறந்தது. பிரிட்டனில் 1973இல் பழைய மாளிகைக்காரர்களே கூடிச் சங்கம் வைத்தார்கள். அவர்கள் பிரபுக்கள், நாம் அப்படியில்லை. ஆனால் பாகப்பிரிவினை இரவில் ‘இப்படி ஒரு வழி இருக்கிறது’ என்று சொல்ல ஓர் ஆள் வந்திருந்தால், எங்கள் அத்தை தூணை விட்டிருக்காது.

போன மாதம் பழவேற்காட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் வெயிலுக்கு ஒதுங்கினேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். என் கை தானாகத் திண்ணையைத் தடவியதைப் பார்த்துவிட்டு, “தளம் ஒழுகுதுப்பா. சிமெண்ட்டு போட்ரலாம்னு பெரியவன் சொல்றான்” என்றார். எழுந்தே விட்டேன். “வேணாம்மா, போட்டுடாதீங்க” என்று நான் சொன்ன சத்தத்தில் அவர் பயந்துபோயிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப யாரைக் கூப்பிடறது?”

பொன்னேரிப் பக்கம் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்த ஒரு மேஸ்திரியின் நம்பர் என்னிடம் இருந்தது. எழுபது வயதுக்கு மேல். அங்கிருந்தே பேசினேன். ஏணி ஏற முடியாது, கூட இரண்டு ஆள் வேண்டும் என்றார். பிறகு தளம் எத்தனை சதுரம், விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, செடி ஏதும் முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா மாடிப்படியில் நின்று பார்த்துப் பார்த்துச் சொன்னார், நான் போனில் சொன்னேன். கூலியில் ஒரு பங்கு நான் தருகிறேன் என்றதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. “எங்க வீட்டுக்குக் குடுக்காத காசும்மா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்றார் மேஸ்திரி. கிளிஞ்சல் சுண்ணாம்பை மட்டும் இப்போதே வாங்கி ஊறப்போடச் சொன்னார். பின்கட்டில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டியாகிவிட்டது.