எஞ்சிய துளி

நம் வலப்புறக் கடைவாய்ப் பல் ஒன்றில் வெள்ளி அடைப்பு ஒன்று இருக்கின்றது. 1974ஆம் ஆண்டு, நமக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, வாப்பா அழைத்துச் சென்று அடைத்து வந்தது. பல் வைத்தியர் சிறு கல்வத்தில் வெள்ளி கலந்த உலோகத் தூளையும் பாதரசத்தையும் இட்டுக் குழைத்தார். துணியில் வைத்துப் பிழிந்தார். மிகையாய் வடிந்த பாதரசத்தை, நாம் அழாமல் இருந்ததற்குப் பரிசாக, ஊசிமருந்துப் புட்டி ஒன்றில் இட்டுத் தந்தார். பெரும் புதையல் பெற்றவரைப் போல வீடு திரும்பினோம்.

உள்ளங்கையில் உருட்டி விளையாடிய அத்துளி, மறுநாள் உம்மாவின் மோதிரத்தில் பட்டது. பொன் வெளுத்துப் போயிற்று. உம்மா பதறிப்போனார்கள். தட்டார் வரவழைக்கப்பட்டார். திண்ணையில் அமர்ந்து, கரியை ஊதி, மோதிரத்தைக் காய்ச்சினார். மஞ்சள் நிறம் மீண்டது. "அந்த வெள்ளை எங்கே போயிற்று?" என்று கேட்டோம். "ஆவியாய்ப் போயிற்று தம்பி" என்றார். பக்கத்தில் உம்மா, கைக்குழந்தையான நம் தங்கையை மடியில் கிடத்தி அமர்ந்திருந்தார்கள். ஆவி எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த பாதரசத்தை உம்மா சினத்தோடு வாங்கிக் கொல்லைக் கால்வாயில் கொட்டினார்கள்.

இவையெல்லாம் கடந்த ஆண்டு நினைவுக்கு வந்தன. கருவுற்றிருந்த நம் மகளுக்குப் பல்லில் சொத்தை கண்டது. மருத்துவர் பாதரச அடைப்பு வேண்டாமென்று கூறி, கிளாஸ் அயனோமர் என்னும் பொருளால் அடைத்தார். வெள்ளி அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசமே. கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர் ஆகியோருக்கு அதனைத் தவிர்ப்பதே இன்றைய நெறி என்று விளக்கினார்.

நமக்கு அச்சம் பிறந்தது. "ஐம்பது ஆண்டுகளாய் எம் வாயில் இருப்பதை எடுத்துவிடலாமா?" என்றோம். அவர் சிரித்தார். "உறுதியாய் நிற்பதைத் தோண்ட வேண்டா. தோண்டும்போதுதான் ஆவி மிகுதியாய் எழும். உடைந்தாலோ, அடியில் சொத்தை படர்ந்தாலோ எடுப்போம், அப்போதும் நீரைப் பீய்ச்சி, உறிஞ்சுகுழல் வைத்தே எடுப்போம்" என்றார்.

"எடுத்ததை என்ன செய்வீர்கள்?" என்று அடுத்து வினவினோம். இறுக மூடிய புட்டி ஒன்றைக் காட்டினார். உடைந்த அடைப்புகளும் அடைப்போடு பிடுங்கிய பற்களும் அதனுள் இருந்தன. உரிமம் பெற்ற மீட்பாளரிடம் அதனை ஒப்படைப்பாராம். எரிக்கும் கழிவோடு சேர்த்தால் பாதரசம் காற்றில் கலக்கும்; சாக்கடையில் விட்டால் நீரில் கலக்கும். நீர்நிலைகளின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாய் மாற்றும். அது மீனில் சேரும். மீன் நம் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவோடு கலந்த மெத்தில் பாதரசம், மீன் உண்ட குடும்பங்களை முடக்கியது 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் உலக உடன்படிக்கை பிறந்தது. 2018இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்தது. 2034ஆம் ஆண்டுக்குள் பாதரசப் பல்லடைப்பைக் கைவிட உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் இசைந்துள்ளன.

அதுவரை நம் வீடுகளில் செய்யத்தக்கவை சில உள. அடைப்புள்ள பல்லைப் பிடுங்கினால் அதை வீட்டிற்குக் கொண்டுவந்து குப்பையோடு எரித்தல் ஆகாது. மருத்துவரிடமே விட்டுவர வேண்டும். பழைய வெப்பமானி உடைந்து பாதரசம் சிதறினால் துடைப்பத்தால் பெருக்கலாகாது. பிள்ளைகளை அப்புறப்படுத்திச் சாளரங்களைத் திறந்து, தடித்த காகிதத்தால் துளிகளைக் கூட்டிப் புட்டியில் அடைத்து மூட வேண்டும்.

பாதரசம் ஒரு தனிமம். அது மக்குவதில்லை, அழிவதில்லை. நம் பல்லில் உள்ளது இருக்குமிடத்தில் இருக்கின்றது. கொல்லைக் கால்வாயில் உம்மா கொட்டிய துளி எங்கே இருக்கின்றது? அதனை நாம் அறியோம். உம்மா மறைந்தார்கள், அத்துளி மறையவில்லை.