கயிற்றின் மேல்முனை

எங்கள் வீட்டுத் திண்ணையின் மூலையில் ஒரு கல் கிடந்தது. உச்சியில் துளையிடப்பட்டு, வழவழப்பாகத் தேய்ந்திருந்த அந்தக் கல்லை அசைக்கவும் சிறுவனாகிய என்னால் இயலாது. அதன்மேல் அமர்ந்துதான் பாட்டி மீன் அரிவார். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்புகளில் தாத்தா அந்தக் கல்லில் கால் பதித்தே கடலடிக்கு இறங்கினார். அதன்பின் முத்துப் பார்கள் வறண்டன. கல் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

மூழ்குபவருக்கு இரண்டு கயிறுகள் உண்டு என்பார் தாத்தா. ஒன்று கல்லைக் கட்டிய கயிறு. கடலடியைத் தொட்டுக் காலை எடுத்ததும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். மற்றொன்று மூழ்குபவரின் உயிர்க்கயிறு. அதை ஒருமுறை அசைத்தால் மேலே தூக்கிவிடுவார்கள். இந்த இரண்டாம் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே எங்கள் கரையின் வழக்கம் என்று முதியோர் சொல்வர். தன் தங்கை தாலியிழப்பதை எந்த அண்ணன்தான் பொறுப்பான்? தாத்தா தாம் எடுத்த முத்துகளைப் பற்றிப் பேசியதைவிடத் தம் மச்சானின் கைகளைப் பற்றிப் பேசியதே மிகுதி. அதன் பொருள் எனக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

என் தந்தையும் சித்தப்பாவும் சங்கு குளித்தவர்கள். அவர்கள் கல்லும் கயிறும் இன்றியே மூழ்கினார்கள். சோழகக் காற்று அடங்கிய மாதங்களில் எங்கள் கடல் அத்துணைத் தெளிவு! வள்ளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தால், நாலைந்து பாகம் கீழே அவர்கள் மணலைத் துழாவுவது தெரியும். கண் எட்டும்போது கயிறு எதற்கு? அந்த நீரில்தான் நானும் மூழ்கப் பழகினேன். பதினாறாம் வயதில் குருமடம் சேர்ந்தபின் கடல் என் வாழ்விலிருந்து விலகி நின்றது. ஆயினும், 'நான் முத்துக்கரைப் பிள்ளை. நீர் எனக்குத் தாய்வீடு' என்னும் செருக்கு மட்டும் உள்ளே உறங்கிக் கிடந்தது.

2016-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கில் பிளிமத் நகரை அடுத்த ஒரு பங்கிற்கு அனுப்பப்பட்டேன். பனிமய மாதாவுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் கரையில் பிறந்தவன் நான். பனி என்பது யாதென்பதை அங்கேதான் அறிந்தேன். சாளரத்தைத் திறந்தால் கடல் தெரிந்தது. அக்டோபர் மாதத்து ஒரு பிற்பகலில், யாரிடமும் சொல்லாமல், வெறும் அரைக்கால் சட்டையுடன் அதில் இறங்கினேன்.

இடுப்பளவு வரை வீரம் இருந்தது. மார்பளவு நீரில் குதித்ததும் என் மூச்சு என் வசத்தில் இல்லை. வாய் தானே திறந்து காற்றை விழுங்கிற்று; நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்க வல்லவன் என்று எண்ணியிருந்த நான், ஐந்து வினாடிகூட அடக்க இயலாமல் பாறையைப் பற்றிக்கொண்டு நடுங்கினேன். எங்கள் கடலின் வெப்பநிலை பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை இருக்கும். அன்று அந்த நீர் 15 பாகை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும் என்பதையும், தோல் திடீரெனக் குளிரும்போது மூச்சு தறிகெட்டு ஓடும் என்பதையும் பின்னர் அறிந்தேன். அந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் ஒருவரின் தலை நீருக்குள் இருக்குமானால், நீச்சல் வல்லவராயினும் நீரை உள்ளிழுத்து மாளக்கூடும்.

கரையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஒன்றும் கேட்காமல் தம் கம்பளிச் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார். அவர் கப்பல் பட்டறையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். இக்காலத்தில் ஃப்ரீடைவிங் என வழங்கும் மூச்சடக்கி மூழ்குதலில் பல்லாண்டுப் பயிற்சி உடையவர். நான் என் குலப்பெருமையைக் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீங்கள் மறக்க வேண்டியவை நிறைய இருக்கும், ஃபாதர்" என்றார்.

ஆம், மறக்க வேண்டியவை நிறையவே இருந்தன. முதலில் குளிரோடு உடன்படிக்கை. ஐந்தாறு முறை, சில நிமிடங்களே ஆயினும், கழுத்தளவு குளிர்ந்த நீரில் நின்று பழகினால் அந்த முதல் அதிர்ச்சி பெரிதும் தணிந்துவிடும். அவ்வாறே தணிந்தது. பின்பு முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்திக் காத்திருக்கச் சொன்னார். குளிர்ந்த நீர் முகத்தைத் தொட்டதும் இதயம் மெல்லத் துடிக்கத் தொடங்கும். கைகால்களின் இரத்தம் உள்ளுறுப்புகளை நோக்கி ஒதுங்கும். என்னைத் திணறடித்த அதே குளிர், காத்திருக்கக் கற்றவனுக்கு அமைதி தரும் என்பது வியப்பாக இருந்தது.

கொரியாவின் ஜெஜூ தீவில் ஹேன்யோ எனப்படும் பெண்கள் தலைமுறைகளாக இவ்வாறு மூழ்கி வருகின்றனர். பருத்தி உடை மட்டும் அணிந்து குளிர்காலத்திலும் மூழ்கிய அவர்களின் உடல், குளிரைத் தாங்கத் தனித்திறன் பெற்றிருந்ததை 1960-களில் ஆய்வாளர்கள் கண்டனர். 1970-களில் நியோப்ரீன் என்னும் நுரைரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திறன் மறைந்துபோயிற்று. உடல் கற்கவும் வல்லது, மறக்கவும் வல்லது.

எனக்கும் அந்த உடை வேண்டியிருந்தது. 5 மில்லிமீட்டர் தடிப்பு. உட்புறம் சோப்பு நீர் தடவினால்தான் உடலில் ஏறும். அந்த நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. அவையே மூழ்க விடாமல் மிதக்கவும் வைக்கின்றன. ஆதலால் இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த வார் கட்ட வேண்டும். தாத்தாவின் கல் அன்று என் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாத்தா கல்லைக் கடலடியில் விட்டுவிடுவார். ஈயமோ நம்மோடு திரும்பி வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, குமிழிகள் பாதியாகச் சுருங்கும், உடை மெலியும், மிதக்கவைத்த பொருளே ஆற்றலிழக்கும். மேலே இருக்கும்போது மூழ்குவதற்கு வசதியாக ஈயத்தை மிகுதியாகக் கட்டியவன், திரும்பும்போது அதன் விலையைத் தருவான். எனவே, கண நேரத்தில் கழற்றி எறியத் தக்கதாகவே வாரின் கொளுக்கி அமைந்திருக்கும்.

அடுத்தது கலங்கல். எங்கள் கரையில் கடலின் ஏற்றவற்றம் 3 அடிக்கும் குறைவு. பிளிமத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 15 அடி வரை நீர் ஏறி இறங்குகிறது. டேமார், பிளிம் ஆறுகள் மழைக்குப்பின் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வசந்தத்தில் நுண்பாசிகள் பெருகி, நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிட, கடல் முழுதும் கஞ்சித்தண்ணீரில் கீரையைக் கரைத்தாற்போல் ஆகிறது. முதன்முறை அதில் மூழ்கியபோது, நீட்டிய என் விரல்களே மங்கின. கீழ் எது, மேல் எது என்று கண் சொல்லவில்லை. இருளையன்று, இடமற்றுப்போதலையே அங்கு அஞ்சினேன்.

அப்போதுதான் முதியவர் மிதவையிலிருந்து ஒரு கயிற்றை நேராகக் கீழே இறக்கினார். அதன் அடியில் எடைக்கட்டி. மூழ்குபவரின் மணிக்கட்டிலிருந்து ஒரு சிறுகயிறு அதனோடு வளையத்தால் இணையும். ஒருவர் கீழே சென்றால் மற்றவர் மேலேயே இருக்க வேண்டும். இருவரும் ஒருசேர மூழ்கலாகாது. தெளிந்த நீரில் மேலே இருப்பவர் கண்ணால் காப்பார். கலங்கிய நீரில் கயிற்றின்மேல் கை வைத்திருப்பார். வளையம் வழுக்கிச் செல்லும் அதிர்வு உள்ளங்கையில் கேட்கும். தாத்தாவின் மச்சானை நான் அங்கே, அந்தப் பசிய நீரின்மேல் மீண்டும் கண்டேன்.

"மூழ்கியவர் மேலே வந்தபின் முப்பது வினாடி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்" என்றார் முதியவர். மேலே வந்துவிட்டாரே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். மூச்சு மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் நேர்வதில்லை என்று விளக்கினார். ஏறி வருகையில் அழுத்தம் குறைவதால் நுரையீரலில் உயிர்வளியின் அழுத்தமும் விரைந்து வீழும். நீர்மட்டத்தை நெருங்கும்போதோ, தலை வெளியே வந்து ஓரிரு மூச்சு விட்ட பின்போகூட ஒருவர் ஓசையின்றி உணர்விழக்கலாம். மூழ்குமுன் மூச்சை வேகவேகமாக இழுத்து விடுபவர்க்கு இந்த ஆபத்து மிகுதி. அவ்வாறு செய்வதால் உயிர்வளி கூடுவதில்லை. மூச்சு விடத் தூண்டும் கரியமிலவாயு குறைந்து, உடலின் எச்சரிக்கை மணி ஊமையாகிவிடும்.

நான் பேச்சற்று நின்றேன். 1982-ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுது என்முன் எழுந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வள்ளத்தில் சங்குகளைத் தரம் பிரிப்பது என் வேலை. சித்தப்பா ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சிழுத்துவிட்டே மூழ்குவார். அன்று நெடுநேரம் கீழே இருந்து வந்தார், வள்ளத்தின் விளிம்பருகே தலை நீட்டி, பெரிய சங்கொன்றை என் கையில் கொடுத்தார், சிரித்தார். நான் திரும்பி அதை அளவுவளையத்தில் வைத்துப் பார்த்தேன். மறுபடி நோக்கியபோது நீர்மட்டம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் மூழ்கிவிட்டார் என்றே எண்ணினேன். தந்தை வேறொரு பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வந்து தேடியபோது, தெளிந்த மணலில் உறங்குபவரைப்போல் சித்தப்பா கிடந்தார். கடல் எடுத்துக்கொண்டது என்றார்கள் ஊரார். நானும் அப்படியே நம்பினேன். உண்மையில், நீர் தெளிவாக இருந்ததால் எங்களுள் எவரும் பார்க்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம்.

2018 மே மாதத்தில் ஒருநாள், கண் ஆறடிக்கும் எட்டாத நீரில், முதியவர் 12 மீட்டர் ஆழத்துக்குச் சென்றார். 75 வினாடிக்குமேல் தாமதித்தால் இழுக்க வேண்டும் என்பது எங்கள் உடன்பாடு. கயிறு என் கையில் சிறிது நேரம் பேசிற்று, பின்பு மௌனமாயிற்று. அறுபது வினாடி. எழுபது. நாற்பதாண்டுப் பழக்கம் உடையவரை அவசரப்பட்டு இழுத்து அவமதிப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். உடனே இழுத்தேன். கைக்குக் கை, மூச்சு வாங்க, பாகம் பாகமாக இழுத்தேன். நடுவழியில் அவர் தென்பட்டார். அவருடைய சிறுகயிற்றில் யாரோ தூண்டில்காரர் விட்டுச்சென்ற நரம்பு சுற்றியிருந்தது, அதை அறுத்துக்கொண்டிருந்தாராம். மேலே வந்தவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு முப்பது வரை எண்ணினேன். உதடுகள் நீலம் பூத்திருந்தன. "நானே வந்திருப்பேன்" என்றார் சற்றே சினந்து. சிறிது நேரம் மிதவையைப் பற்றிக் கிடந்தபின், "அடுத்த முறையும் இப்படியே இழுங்கள்" என்றார்.

2019 ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்தபோது சித்தியைப் பார்க்கச் சென்றேன். சித்தப்பா இறந்த அன்று காலை இருவருக்கும் ஒரு சிறு பிணக்கு. அவர் உண்ணாமலே கடலுக்குப் போயிருந்தார். தன் சொல்லும் அவர் பசியும்தான் அவரை ஆழத்தில் இருத்திவிட்டன என்று 37 ஆண்டுகள் சித்தி தம்மையே நொந்துகொண்டிருந்தார். நான் கற்றதை எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். மூச்சு வாங்கும் முறையினால் நேர்ந்ததென்றும், மேலே வந்தபின் மயங்கியிருக்க வேண்டும் என்றும் கூறினேன். பின்பு, இதுவரை எவரிடமும் சொல்லாததையும் சொன்னேன்: "சித்தி, அவர் மேலே வந்தார். சங்கை என் கையில் கொடுத்தார். நான்தான் திரும்பிக்கொண்டேன்."

சித்தி நெடுநேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பற்றிச் சொன்னார்: "பன்னெண்டு வயசுப் பிள்ள கையில எந்தக் கயித்த சாமி குடுத்தாங்க, நீங்க விட்டுட்டேன்னு சொல்ல?"

திண்ணையில் அந்தக் கல் இன்னும் கிடந்தது. கயிறு மட்டும் என்றோ மக்கிப் போயிருந்தது.

பிளிமத்துக்குத் திரும்பினேன். நீர் ஓரளவு சூடேறும் மாதங்களில் வாரம் ஒருநாள் நானும் முதியவரும் இன்றும் கடலில் இறங்குகிறோம். எனக்கு வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் வருத்தமில்லை. மூழ்குவதைவிட மேலே காத்திருப்பதிலேயே இப்போது என் மனம் ஊன்றுகிறது. கலங்கிய நீர் எதையும் காட்டுவதில்லை. உள்ளங்கையில் ஓர் அதிர்வு மட்டும் இறங்கிச் செல்கிறது, நிற்கிறது, மீண்டும் ஏறி வருகிறது. நீரைப் பிளந்து முகம் ஒன்று தோன்றுகிறது. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நான் எண்ணத் தொடங்குகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று...