குதிகால் தரையில் படாத கால்கள்

மானின் பின்னங்காலில் பின்புறமாக மடிந்து தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. மான் ஆயுள் முழுக்க விரல்நுனியில்தான் நடக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஒரு வீட்டின் பின்னறையில், பழைய பார்பி ஒன்றின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எனக்கு இதை விளக்கினார்.

“இவளும் அப்படித்தான். ஹை ஹீல்ஸ் போடுவதற்கென்றே வளைத்த பாதம். குதிகால் தரையில் பட்டதே இல்லை. பாதி வேலையைத் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிட்டது.”

1959-இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான பார்பி, பெரும்பாலும் இந்தப் பாதத்தோடுதான் உலகெங்கும் விற்றது. 2015-இல் கணுக்கால் மடக்கித் தட்டையாக நிற்க வைக்கக்கூடிய பார்பிகளை மட்டெல் நிறுவனம் கொண்டுவந்தது. இவருக்கு வேண்டியவை பழையவை. தர்ம நிதிக்காகப் பழைய பொருள்களை விற்கும் கடைகளின் பொம்மைக் கூடையில், சிக்குப் பிடித்த தலையோடு ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். அவற்றை இவரும் இவருடைய தோழியும் சேர்ந்து பாதி மான், பாதி மனுஷியாக மாற்றுகிறார்கள்.

முதலில் தலையை வெந்நீரில் வைத்து, வினைல் இளகியதும் கழுத்திலிருந்து கழற்றுகிறார்கள். அச்சடித்த முகத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைப்பது அதன் பிறகுதான். மென்மையான வினைல் தலை அசிட்டோனைத் தாங்கும். பல பொம்மைகளின் உடல் கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஒரு சொட்டு பட்டாலே இளகிவிடும். நான் பார்த்த தலையில் உதட்டுச் சிவப்பு சட்டென்று போய்விட்டது. இமைக்கோட்டின் கருப்பு மட்டும் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு நெடுநேரம் பிடிவாதம் பிடித்தது.

காலுக்குத்தான் உண்மையான உழைப்பு. பாதத்தின் முன்பகுதியை அறுத்து, சின்னக் கைத்துரப்பணத்தால் துளையிட்டு, கம்பியைச் செருகுகிறார் இவர். கம்பி இல்லாவிட்டால் களிமண் தங்காது, உடலின் பாரத்தையும் தாங்காது. இரண்டு பங்கையும் சம அளவில் பிசைந்த எபாக்சி களிமண்ணால் பாதத்தை நீட்டி, நுனியில் பிளந்த குளம்பு வைக்கிறார். ஈர விரலால் நீவிக்கொண்டே இருக்கிறார். மறுநாளுக்குள் அது கல்லாக இறுகிவிடும், பிறகு உப்புத்தாளால் தேய்த்துத்தான் திருத்த முடியும். மேசையில் ஒரு மான் எலும்புக்கூட்டின் படம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மூட்டுக்கும் அவர் கண் அதன் மேல் போய்த் திரும்பியது. பொம்மைக்கு ஒப்பனை மாற்றுகிற பொழுதுபோக்கு என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இது சிற்ப வேலை.

ரோமம் தோழியின் பொறுப்பு. பழைய நைலான் முடியை ஒட்ட வெட்டி, மிச்சத்தைத் தலைக்குள்ளிருந்து குறட்டால் பிடுங்குகிறார். பிறகு மோஹேர் ஆட்டு ரோமத்தைச் சிறு கற்றைகளாகக் காலில் ஒட்டுகிறார். குளம்பிலிருந்து தொடங்கி, கூரை வேய்வதுபோல, கீழ் வரிசையின் பசை மேல் வரிசையில் மறைய மறைய ஏறுகிறார். “அவசரப்பட்டால் பசை வெளியே தெரியும்” என்றார். அதற்கு மேல் அவர் அதிகம் பேசவில்லை.

அன்று மழை. முகத்தில் வண்ணம் பிடிக்க முதலில் மேட் பூச்சை ஸ்ப்ரே செய்ய வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடுமாம். அதனால் சுவாசக் கவசமும் புட்டியும் மூலையில் சும்மா கிடந்தன. முன்பே பூசி வைத்திருந்த வேறொரு தலையில் வேலை நடந்தது. நீர்வண்ணப் பென்சிலால் மெல்லிய கோடு, அதன் மேல் பொடியாக்கிய பாஸ்டல், மறுபடி பூச்சு, மறுபடி கோடு. கண்மணியை வட்டமாக வரையவில்லை, மானுக்கு இருப்பதுபோலக் கிடைவாட்டில் நீட்டினார். அந்த ஒரு மாற்றத்தில் முகத்திலிருந்த மனுஷி பின்வாங்கினாள்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சோனியா சிங் இதற்கு எதிர்த்திசையில் போனவர். பழைய பிராட்ஸ் பொம்மைகளின் கனத்த ஒப்பனையை அழித்துச் சாதாரணச் சிறுமியின் முகம் வரைந்தார், அவருடைய அம்மா உடைகளைப் பின்னினார். 2015-இல் அவை உலகெங்கும் பேசப்பட்டன. லீட்ஸ் பெண்களுக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை. இரு வழியிலும் பொம்மையைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்க்கும் பொறுமைதான் முதலில் வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

நான் கிளம்பும்போது அடுத்த பொம்மையைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். மீன்வால் வைக்கலாம் என்றார் தோழி. முழங்கால் மடங்காத கால், வால் விறைத்து நிற்கும் என்றார் இவர். கூடையைக் கவிழ்த்து, மூட்டுள்ள கால்களைத் தேட ஆரம்பித்தார்கள்.