கரும்பலகை மூலையில் ஒரு எண்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பேத்தி இங்கே பென்னலூரிலேயே பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் என்று பலருக்குத் தெரியும். கல்லூரி புராஜெக்டுக்காக, ஷிப்ட் பஸ்ஸில் இருக்கை பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு கம்பெனி பஸ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தாத்தா, ஒரே பக்கத்துல ரெண்டு கணக்கு காட்டுது.”

போய்ப் பார்த்தேன். மேலே ஒரு பட்டையில் ‘மீதி இருக்கை 6’. நடுவில் பஸ்ஸின் 40 இருக்கைகளும் கட்டம் கட்டமாக. கீழே பதிவு செய்தவர்களின் பட்டியல். பட்டியலில் ஒருவரை ரத்து செய்தால் கட்டம் பச்சையாகிறது. மேலே மட்டும் 6 அப்படியே நிற்கிறது, 7 ஆகவில்லை.

“ஒரு எண் தானே” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “இல்ல தாத்தா. மேலே 0 காட்டிட்டா, நைட் ஷிப்ட் போற அக்கா இடமில்லைன்னு நினைச்சு ஷேர் ஆட்டோ தேடுவாங்க. பஸ்ல ஒரு சீட் காலியா போகும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு என் கரும்பலகை நினைவுக்கு வந்தது. மூலையில் ‘பதிவு 46, வருகை 41’ என்று தினமும் எழுதுவோமே, அதேதான். அந்த 41 பதிவேட்டில் இருக்கும், கரும்பலகையில் இருக்கும், சத்துணவுக்கூடத்துக்குப் போகும் சீட்டிலும் இருக்கும். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், ஒரு முட்டை நாளன்று, ஒரு பையன் பத்து மணிக்கு வந்தான். பதிவேட்டைத் திருத்தினேன், பலகையில் 42 ஆக்கினேன். சீட்டை மறந்தேன். மதியம் வரிசையின் கடைசியில் நின்றவனுக்கு முட்டை இல்லை. சமையலம்மாவைத்தான் எல்லோரும் திட்டினார்கள். தவறு என்னுடையது.

பேத்தி சிரிக்கவில்லை. “எனக்கும் அதேதான் தாத்தா” என்று விளக்கினாள். அவள் பயன்படுத்துவது ரியாக்ட், ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் பொதுவில் வெளியிட்டது. அதில் பக்கத்தைத் துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு கம்போனன்ட். அது தனக்குள் நினைவு வைத்துக்கொள்வது ஸ்டேட். இவளுடைய பட்டையும் கட்டங்களும் பட்டியலும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. பக்கத்து வகுப்பில் நடப்பது இந்த வகுப்புக்குத் தெரியாதது போல, ஒன்று மாறினால் மற்றொன்றுக்குத் தெரியாது.

ஃபேஸ்புக்குக்கே இந்தத் தலைவலி இருந்ததாம். படிக்காத செய்தி ஒன்று இருப்பதாக எண் காட்டும், திறந்தால் எதுவும் இருக்காது. நம்மில் பலர் பார்த்திருப்போம். சாட் பெட்டி, செய்திப் பக்கம், மேலே உள்ள எண் என மூன்றும் ஒத்துப்போகவில்லை. சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வரும். தகவல் ஒரே திசையில் ஓட வேண்டும் என்ற ‘ஃப்ளக்ஸ்’ முறையை 2014-இல் தங்கள் மாநாட்டில் அறிவித்தபோது, இந்தப் பிழையைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள்.

இவள் செய்த திருத்தம் இது: மூன்று துண்டுகளுக்கும் மேலே, பொதுவான தாய்த் துண்டில் பதிவுப் பட்டியலை வைத்தாள். அங்கிருந்து மூன்றுக்கும் ‘ப்ராப்ஸ்’ என்ற பெயரில் கீழே அனுப்புகிறாள். ரத்து பொத்தானை அழுத்தினால் பட்டியல் தானாக மாறிக்கொள்ளாது, தாய்க்குச் சொல்லும். தாய் மாற்றும், மூன்றும் புதிதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவள் செய்தது. ‘மீதி’ என்ற ஸ்டேட்டையே அழித்துவிட்டாள். “40-ல இருந்து பட்டியல்ல இருக்கறவங்களைக் கழிச்சா வந்துடும். அதை எதுக்குத் தனியா எழுதி வைக்கணும்?” கணக்கு வாத்தியார் பேத்தி!

எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். கூடாதாம். பட்டியல் விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது அந்தத் துண்டின் சொந்த விஷயம். அதையும் தாயிடம் கொடுத்தால், சாக்பீஸுக்குக்கூட தலைமை ஆசிரியர் கையெழுத்து கேட்பது போலாகிவிடும். பக்கம் பெரிதானால், இடையில் உள்ள துண்டுகள் தமக்குத் தேவையில்லாததைச் சுமந்து கீழே கடத்த வேண்டிவரும். அதற்குத்தான் 2015-இல் ரிடக்ஸும், 2018-இல் புதுப்பித்த கான்டெக்ஸ்டும் வந்தனவாம். “மூணு துண்டுக்கு அதெல்லாம் வேண்டாம் தாத்தா” என்றாள். சரிதான். அடுப்படிக்கு எதற்குக் கொல்லன் உலை?

பதினொரு மணிக்கு ரத்து பொத்தானை அழுத்தினாள். கட்டம் பச்சையானது, மேலே 7 வந்தது. அவள் கைதட்ட, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து இருவரையும் திட்டினாள்.

படுக்கப் போகும்போது பேத்தி கேட்டாள். “நீங்க அப்புறம் என்ன பண்ணீங்க?”

மறுநாளிலிருந்து சீட்டு எழுதுவதை விட்டுவிட்டேன் என்றேன். அரிசி அளக்கும் நேரத்தில் பதிவேட்டையே ஒரு பையனிடம் கொடுத்தனுப்புவேன், அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

“அது இல்ல. அந்தக் கடைசிப் பையனுக்கு முட்டை?”

அடுத்த முட்டை நாளில் அவனை முதலில் நிற்க வைத்தேன். அன்றும் அவனுக்கு ஒன்றுதான் கிடைத்தது.