அழுத்தும் பலகை

என் லாத்தா வலிக்கு அஞ்சுகிறவர் அல்லர். கொதிக்கும் எண்ணெய் முழங்கையில் சிந்திய ஒரு பெருநாளன்று, வந்திருந்தோர் அனைவருக்கும் சோறு பரிமாறி முடித்த பின்னரே மருந்து தடவச் சென்றவர். அத்தகையவர் தம் 52ஆம் வயதில் ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியதும், "இனிமே அந்த மிஷின் பக்கம் என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டார். இரண்டாண்டு கழித்து மீண்டும் வருமாறு மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, அவருடைய பீரோவில் புடவைகளுக்கு அடியில் மடித்தபடியே கிடந்தது. எங்கள் சாச்சியைக் கொண்டுபோனது இந்நோய்தான் என்பதை நாங்கள் இருவருமே மறந்திலோம். ஆனால் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முப்பதாண்டுகள் பெண்கள் பள்ளியொன்றில் பௌதிகம் கற்பித்த பழக்கம் எனக்கு. ஆகவே, ஆறுதல் சொல்வதை விடுத்துப் பாடம் நடத்தத் தொடங்கினேன். எழுதிய தாள்களைக் கத்தையாகச் சேர்த்து விளக்கின்முன் பிடித்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எதுவும் புலப்படாது. பரப்பி வைத்தால்தான் படிக்க முடியும். மார்பகத் திசுவும் அவ்வாறே. பலகையால் அழுத்திப் பரப்பும்போது, மறைந்து நிற்கும் சிறு கட்டியும் தனித்துத் தெரியும். தடிமன் குறைவதால் கதிர்வீச்சும் குறைவாகவே போதும்; சிதறும் கதிர்களும் குறையும்; உடல் அசைந்து படம் மங்குவதும் இல்லை. உருகுவே நாட்டு மருத்துவர் லெபோர்ன் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இவ்வழுத்தத்தின் தேவையை வலியுறுத்தினார். 1960களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மருத்துவர் குரோவின் முயற்சியால் மார்பகத்திற்கென்றே தனி எக்ஸ்ரே இயந்திரம் உருவானபோது, அழுத்தும் கருவியும் அதன் அங்கமாகவே அமைந்தது.

லாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அமுக்கணும்னு புரியுது. இவ்வளவு அமுக்கணுமா?" என்றார்.

ஆசிரியையாக இருந்த எனக்கு வெட்கமாகப் போயிற்று. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்றோ? அதன் பிறகுதான் தேடிப் படிக்கலானேன்.

கடைத்தெருவிலிருந்து பையைத் தூக்கி வருகிறோம். பிடி மெல்லிய கயிறாக இருந்தால் விரலை அறுக்கிறது. அதே சுமை அகலமான பட்டையில் தொங்கினால் அவ்வளவு உறுத்துவதில்லை. சுமை ஒன்றுதான், அதைத் தாங்கும் பரப்புதான் வேறு. அழுத்தும் பலகையோ நெடுங்காலம் சுமையை மட்டுமே அளந்து வந்தது. அமெரிக்க விதிகளும், இயந்திர விசையால் பலகை முதலில் இறங்கும்போது 200 நியூட்டனைத் தாண்டலாகாது என்று விசைக்குத்தான் எல்லை வகுத்தன. 120 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 12 கிலோ அரிசியின் எடை. பலகையில் படியும் பரப்பு 160 சதுர சென்டிமீட்டராக உள்ள பெண்ணுக்கு அது 7.5 கிலோபாஸ்கல் அழுத்தம். 60 சதுர சென்டிமீட்டரே உள்ளவருக்கு அதுவே 20 கிலோபாஸ்கல்! இரத்த அழுத்தக் கணக்கில் சொன்னால் 150. பலருக்குச் சொல்லப்படும் மேல் எண்ணையும் மிஞ்சியது. ஒல்லியான உடல்வாகு கொண்ட என் லாத்தா துடித்ததில் வியப்பென்ன? "கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா" என்று அன்று அவரிடம் சொன்னவர்கள், அடுத்து வந்த பெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் பொறுக்கும்படி கேட்டிருக்கக் கூடும்.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இக்கணக்கைத்தான் மாற்றினார்கள். பலகையில் படியும் பரப்பைக் கருவியே உணர்ந்து, விசைக்குப் பதிலாக அழுத்தத்தைக் காட்டும்படி செய்தார்கள். சுமார் 10 கிலோபாஸ்கல் போதும் என்பது அவர்கள் முன்வைத்த அளவு. இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கு அருகில் வரும். தட்டையான பலகைக்குப் பதில் மார்பின் வடிவத்திற்கு இசைய வளைந்த பலகைகளும், கதிர் ஊடுருவக்கூடிய மென்மையான பஞ்சணைகளும் வந்துள்ளன. நெஞ்சருகே தடித்தும் முனையில் மெலிந்தும் இருப்பதைத் தட்டைப் பலகையால் அழுத்தினால், தடித்த இடமே பெரும்பங்கு வேதனையை ஏற்கும். இது தெரிய இத்தனை காலமா என்று கேட்கத் தோன்றுகிறது. வரைந்தவர்களில் எத்தனை பேர் அப்பலகையின்கீழ் நின்றிருப்பார்கள்!

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓர் இயந்திரத்தில், தொழில்நுட்பப் பணியாளர் முதலில் ஓரளவு அழுத்திவிட்டு, எஞ்சியதை அப்பெண்ணிடமே ஒப்படைக்கிறார். கையிலுள்ள சிறு கருவியின் பொத்தானை அழுத்தி, தாங்கும் அளவுக்கு அவரே பலகையை இறக்கிக்கொள்ளலாம். வலிக்கு அஞ்சிப் பெண்கள் குறைவாகவே அழுத்துவார்கள், படம் கெடும் என்றுதான் நானும் எண்ணினேன். பிரான்சில் 500க்கும் மேற்பட்ட பெண்களிடம், தாமே அழுத்திக்கொள்ளும் முறையை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. தாமே அழுத்திக்கொண்டவர்கள் பணியாளர்கள் அழுத்தியதைவிட அதிகமாகவே அழுத்தியிருந்தார்கள். வலியோ குறைவு என்றார்கள்.

இதைச் சொன்னபோது லாத்தா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் அந்தச் சீட்டு மேசைமேல் இருந்தது.

எங்கள் ஊர் மருத்துவமனையில் அத்தகைய இயந்திரம் இல்லை. பணியில் இருந்தது இளவயதுப் பெண். சென்ற முறை நேர்ந்ததைத் தயக்கத்தோடு சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "காலால மிதிச்சு இறக்கறதோட நிறுத்திட்டு, மிச்சத்தைக் கையால மெதுவாத் திருகுறேன். நீங்க சொல்லச் சொல்லத் திருகுறேம்மா" என்றார். நான் வெளியே நாற்காலியில் அமர்ந்தேன். சற்று நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம் திருப்பும்மா, பரவாயில்லை."

ஆட்டோவில் திரும்புகையில், இடப்பக்கம் தாங்கும்படி இருந்ததாகவும், வலப்பக்கம் பழையபடியே வலித்ததாகவும் சொன்னார். பிறகு, "அந்தப் பொத்தான் வெச்ச மிஷின் நம்ம ஊருக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். பௌதிகத்தில் அதற்கு விடை இல்லை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.