குடும்பக் கணக்கேட்டில் விளையாட்டுக்கு ஓர் இடம்

குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கேடு உண்டு. சிலர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுகின்றனர். சிலர் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைக்கின்றனர். பலர் மனத்திற்குள்ளேயே வைத்திருக்கின்றனர். எங்கே எழுதினாலும் அதன் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். வாடகை அல்லது வீட்டுக்கடன், மளிகை, பால், பள்ளிக் கட்டணம், மின்கட்டணம், மருந்து, சீட்டு, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை. இந்த வரிசையில் மகிழ்ச்சிக்கான செலவைத் தேடினால் கிடைக்காது. அந்தச் செலவு நடக்காமல் இல்லை. நடக்கிறது, ஆனால் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவு எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

இந்தச் சிந்தனை எங்களுள் எழுந்ததற்குக் காரணம் பதினோராம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனின் விருப்பம். அவன் கேட்டது பிளேஸ்டேஷன் 5 எனும் வீடியோ கேம் கருவி. 2021 பிப்ரவரியில் அது இந்தியச் சந்தைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் வசதியுள்ள மாதிரியின் விலை 49,990 ரூபாய். டிஸ்க் இல்லாமல் இணையத்தின் வழியாகவே ஆட்டங்களைப் பெறும் மாதிரி 39,990 ரூபாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நின்று உழைக்கும் தொழிலாளி ஒருவருக்கு இது விளையாட்டுத் தொகை அன்று. வேண்டாம் என்று மறுப்பது எளிது. கடன் அட்டை கையில் இருந்தால் வாங்கிக் கொடுப்பதும் எளிதே. இரண்டில் எதையும் செய்வதற்கு முன், அதன் உண்மையான விலை என்ன என்று மகனையும் அருகில் அமர்த்திக் கணக்கிடத் தொடங்கினோம்.

கருவியின் விலை கணக்கின் முதல் வரி மட்டுமே என்பது விரைவில் புலப்பட்டது. அந்தக் கருவி அறிமுகமான நாளில் பெரிய ஆட்டம் ஒன்றின் டிஸ்க் 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டது. பத்து ஆட்டங்கள் வாங்கினால் இன்னொரு கருவியின் விலை ஆகிவிடும். பிற ஊர்களில் இருப்போருடன் இணைந்து ஆடுவதற்குப் பெரும்பாலான ஆட்டங்களில் தனிச் சந்தா வேண்டும். மின்சாரமும் உண்டு. பெரிய ஆட்டங்கள் ஓடும்போது கருவி ஏறத்தாழ 200 வாட் மின்சாரம் எடுக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு 100 வாட் சேர்த்தால் 300. நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. அளவு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். கோடையில் 480 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இந்த 54 யூனிட் சிறிய செய்தி அன்று.

அப்படியானால் கைப்பேசியில் இலவசமாக ஆடலாமே என்று தோன்றும். நம் பிள்ளைகளிடையே பரவிய பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டதும், அதன் இந்திய வடிவம் 2021-இல் வெளிவந்ததும் பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். இத்தகைய ஆட்டங்களைத் தரவிறக்கக் கட்டணம் இல்லை. ஆட்டக்காரன் அணியும் உடைக்கும் ஏந்தும் துப்பாக்கியின் வண்ணத்துக்குமே கட்டணம். நூறு, இருநூறு என்று அது பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து ஓசையின்றிப் போகிறது. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளை வாங்கும்போது வீடே கூடிப் பேசுகிறது. நூறு ரூபாய் ஐந்நூறு முறை போகும்போது யாரும் பேசுவதில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் உரிய பழமொழி அன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது பொழுதுபோக்கு அன்று, சூது. அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிறைவேற்றியிருக்கிறது.

எங்கள் பகுதிக் குடும்பங்கள் இத்தகைய பெரிய செலவுகளுக்குப் பணம் திரட்டும் வழிகள் மூன்று. முதலாவது தீபாவளியை ஒட்டி வரும் போனஸ். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த குறைந்த அளவு 8.33 விழுக்காடு, அதாவது ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உச்ச அளவு 20 விழுக்காடு. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் போல வரும் இந்தத் தொகை, வருவதற்கு முன்பே துணிமணிக்கும் பழைய கடனுக்கும் பங்கிடப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது ஏலச்சீட்டு. இருபது பேர் மாதம் 2,500 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டினால் அது ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு. தொடக்கத்திலேயே எடுக்க விரும்புகிறவர் ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்துக் குறைவாகப் பெறுகிறார். விட்டுக்கொடுத்த பணம் மற்றவர்களுக்குப் பிரிகிறது. அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, பொறுமைக்கு ஒரு கூலி உண்டு என்பதை எழுத்தறியாப் பாட்டிமாரும் சீட்டில் கற்றிருக்கின்றனர்.

மூன்றாவது தவணை. வட்டியே இல்லை என்று கடைவாசலில் எழுதியிருப்பார்கள். ஆனால் வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை என்பதை 2013-இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு விடுத்த சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அல்லது ரொக்கமாக வாங்குவோர் பெறும் தள்ளுபடியை இழப்பதில் மறைந்திருக்கிறது.

இந்த மூன்று வழிகளைவிடவும் அதிகம் பயன்படும் நான்காவது வழி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் இல்லை. நாங்கள் அறிந்த ஓர் இல்லத்தில் மகனுக்கு விலையுயர்ந்த கணினி வந்தது. அதே ஆண்டில் அந்தத் தாய் தம் மூக்குக் கண்ணாடியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டார். மளிகைப் பட்டியலைக் கண்ணருகே வைத்துப் படிக்கும் அவரைக் கேட்டபோது, “இப்போதைக்கு இது போதும்” என்றார். கணினிக்கும் கண்ணாடிக்கும் தொடர்பு இருப்பதாக அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. மகனும் கொடியவன் அல்லன். அறிந்திருந்தால் அவனே மறுத்திருப்பான். செலவு எழுதப்படாததால் அதைச் சுமந்தவரின் பெயரும் எழுதப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெயர் தாயின் பெயராகவே இருக்கிறது.

இவ்வாறு சொல்வதால் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்குச் செலவு செய்யலாகாது என்று நாங்கள் கருதுவதாக எண்ண வேண்டாம். மாறாக, அதற்குப் பெரும் சான்று எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. பாடியைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு வங்கி ஊழியரின் வீட்டில், மகள் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அவள் வைஷாலி. அக்காவைப் பார்த்துத் தம்பியும் ஆடத் தொடங்கினான். இரண்டு பிள்ளைகளுக்கும் செலவிட இயலுமா என்று தந்தை ரமேஷ்பாபு தயங்கியதை அவரே பின்னர் கூறியிருக்கிறார். அந்தத் தம்பி பிரக்ஞானந்தா 2018-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023-இல் வைஷாலியும் அந்தத் தகுதியை அடைந்தார். உடன்பிறந்த அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்களாக விளங்குவது உலகிலேயே அதுதான் முதல் முறை.

மேல் அயனம்பாக்கத்தில் உள்ள வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷின் கதையும் நாம் அறிந்ததே. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மகனுடன் நாடு நாடாகச் செல்வதற்காக மருத்துவரான தந்தை ரஜினிகாந்த் தம் தொழிலை ஒதுக்கி வைத்தார். நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய தாய் பத்மகுமாரியின் ஊதியமே குடும்பத்தைத் தாங்கியது. நண்பர்களும் உதவினர்.

சதுரங்கப் பலகையின் விலை சில நூறு ரூபாய்தான். பயிற்சியும் பயணமும் தங்குமிடமும் துணைக்குச் செல்பவர் இழக்கும் ஊதியமுமே அதன் பெருஞ்செலவு. இந்தக் கதைகளில் எங்களைத் தொட்டது வெற்றி மட்டும் அன்று. யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. தந்தையின் தயக்கம், தாயின் ஊதியம், நண்பரின் உதவி ஆகிய அனைத்தும் பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன. தம் ஆட்டத்துக்கு யார் என்ன கொடுத்தார் என்பதை அறிந்தே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தனர்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. இவர்களைக் காட்டி, “எங்கள் பிள்ளையும் ஒருநாள் பரிசு வாங்குவான்” என்று செலவுக்கு நியாயம் தேடுவது முறையன்று. வீடியோ கேம் ஆட்டத்திலும் இப்போது போட்டிகளும் பரிசுகளும் உண்டு. பிள்ளைகள் அதை வாதமாக வைக்கின்றனர். உலக வாகையர் ஒருவர். அதே வகுப்புகளில் அமர்ந்து அதே கட்டணத்தைக் கட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் ஆடியது வீண் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. வரப்போகும் பரிசை வரவில் எழுதினால், பிள்ளையின் விளையாட்டைக் கடனாக மாற்றிவிடுகிறோம். பிறகு அவன் தோற்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு வட்டி தவறியவன் ஆகிறான். மகிழ்ச்சிக்கான செலவை மகிழ்ச்சிக்கான செலவு என்றே எழுத வேண்டும். திரும்பி வராத பணம் என்று அறிந்தே அதைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. கணக்கேட்டில் “மனமகிழ்வு” என்று ஒரு பத்தி வரைந்தோம். மாதம் 2,000 ரூபாய், வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 400. பாட்டியின் பெயரை எழுதியபோது, “எனக்கு எதற்கப்பா இதெல்லாம்?” என்று சிரித்தார், மூன்றாம் மாதம் மாடியில் மல்லிகைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. மகள் வண்ணங்களும் தாளும் வாங்கினாள். எங்கள் இருவரில் சமையலறைப் பொறுப்பை ஏற்றிருப்பவரின் பெயருக்கு எதிரே மட்டும் சில மாதங்கள் ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தை முதலில் கண்டு சொன்னவன் மகன்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் குடும்பமாகச் சென்று, சேர்ந்திருந்த பங்கு முழுவதற்கும் நூல்கள் வாங்கி வந்தோம்.

மகனின் கருவி இருபது மாதம் காத்திருந்தது. ஆவடியில் வாழும் அவன் பெரியப்பா வீட்டிலும் அதே வயதில் ஒரு பையன் உண்டு. எங்கள் இளமையில் விடுமுறை நாட்களில் தெருவே காசு சேர்த்து டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்ததை அண்ணன் நினைவூட்டினார். அந்த வழியையே பின்பற்றினோம். பிறர் பயன்படுத்திய கருவி ஒன்றை 32,000 ரூபாய்க்கு இரு வீட்டாரும் சேர்ந்து வாங்கினோம். எங்கள் பாதியான 16,000-இல் மகனின் சேமிப்பு 8,000, மீதி போனஸிலிருந்து. விலை சற்றுக் கூடினாலும் டிஸ்க் போடும் மாதிரியையே தேர்ந்தோம். டிஸ்க்கை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், ஆடி முடித்தபின் விற்கலாம். இணையத்தில் வாங்கியதை அவ்வாறு செய்ய இயலாது. பள்ளிப் பருவம் ஓரிடம், விடுமுறை மற்றோர் இடம் என்று கருவி இரு வீடுகளுக்கிடையே பயணம் செய்கிறது.

நேரத்துக்கும் ஒரு கணக்கு வைத்தோம். ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெடும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்தது. ஆடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனாலும் பணத்தைப் போலவே நேரமும் வீட்டின் பொதுச் சொத்து. ஒருவன் திரையின் முன் கழிக்கும் மாலையில் கடைக்குச் செல்பவர் இன்னொருவர் என்றால், அதுவும் எழுதப்படாத செலவுதான்.

பெரிய வருமானம் உள்ளோர்க்கு எங்கள் 2,000 ரூபாய் சிறிதாகத் தோன்றலாம். நாள்கூலியில் வாழ்வோர்க்கு அது பெரிதாகத் தோன்றும். விரலுக்கேற்ற வீக்கம் என்று முன்னோர் சொன்னது இதற்குத்தான். நூறு ரூபாயே இருந்தாலும் அது வெளிப்படையாகப் பங்கிடப்படும்போது, தன் விருப்பத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளை கற்கிறான். அம்மாவுக்கும் பாட்டிக்கும் விருப்பங்கள் உண்டு என்பதையும் கற்கிறான்.

அடுத்த மாதக் கணக்கை எழுதும்போது நாமும் ஒரு பத்தி கூடுதலாக வரைவோம். அதில் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் எழுதுவோம். எந்தப் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது என்று மாத இறுதியில் பார்த்து, அவரிடம் சென்று முதலில் பேசுவோம்.